ஃபிட்ஸ்பாட்ரிக் அம்மையாருக்கு நான் செய்தது

படிக்காத புத்தகத்தைப் படித்ததுபோலத் திட்டி எழுதியிருக்கிறேன். வாய்ப்பேச்சில் என்றால் காற்றோடு போயிருக்கும். நான் செய்தது அச்சில். புத்தகத்துக்குச் சொந்தக்காரர் ஷீலா ஃபிட்ஸ்பாட்ரிக், சோவியத் வரலாற்றை எழுதியவர்களில் முன்வரிசைக்காரர். என் கட்டுரையில் அவரை ‘ஆங்கிலேயக் கனவான்’ என்று குறிப்பிட்டிருந்தேன். அவர் ஆங்கிலேயரும் இல்லை, கனவானும் இல்லை. 1941இல் பிறந்த மெல்போர்ன் பெண்மணி.

சோவியத் யூனியன் 1991 டிசம்பரில் கலைந்தபோது நான் கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். ‘சோவியத் நாடு’ இதழின் வழவழத் தாளைக் கிழித்து நோட்டுக்கு அட்டை போட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் போட்ட கெட்டி அட்டைப் புத்தகங்களை என்.சி.பி.எச். கடையில் சொற்பக் காசுக்கு வாங்கி அடுக்கியவன் நான். அந்த நாடு போனது வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. சாவு விழுந்தால் யார் தலையிலாவது பழியைப் போடத் தோன்றுமே, அந்த மனநிலையில் இருந்தபோது ஒரு சிறுபத்திரிகை கட்டுரை கேட்டது. முதலாளித்துவ வரலாற்றாசிரியர்களின் புளுகைக் கிழிப்பதாகச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

ராபர்ட் கான்குவெஸ்ட், ரிச்சர்ட் பைப்ஸ், ஃபிட்ஸ்பாட்ரிக் ஆகிய மூவரும் ஒரே எஜமானிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பது என் தீர்ப்பு. முதல் இருவர் விஷயத்தில் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது. கான்குவெஸ்ட் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் கம்யூனிஸ எதிர்ப்புப் பிரசாரப் பிரிவில் வேலை பார்த்தவர். பைப்ஸ் ரீகன் ஆட்சியில் தேசியப் பாதுகாப்பு மன்றத்தில் உட்கார்ந்தவர். மூன்றாவது பெயரை ஓர் அடிக்குறிப்பிலிருந்து எடுத்தேன். அங்கே குடும்பப் பெயர் மட்டும்தான் இருந்தது. இரண்டு பேரோடு பட்டியல் முடிந்தால் சப்பென்று இருக்கும் என்று சேர்த்தேன். வேறு காரணம் கிடையாது.

சில வருடம் கழித்து ஃபிட்ஸ்பாட்ரிக்கின் 1979ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்று பல்கலைக்கழக நூலகத்தில் கையில் தட்டுப்பட்டது. 1921 முதல் 1934 வரை சோவியத் கல்வி யாரை எங்கே ஏற்றிவிட்டது என்பது அதன் பொருள். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின்போது ஆலைத் தொழிலாளிகளையும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளையும் கட்சியே பொறுக்கியெடுத்துப் பொறியியல் படிக்க அனுப்பியது. ஸ்டாலினின் 1937-38 களையெடுப்பில் மேலே இருந்தவர்கள் காணாமல் போனார்கள். காலியான நாற்காலிகளில் போய் உட்கார்ந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். பின்னாளில் நாட்டை ஆண்ட பிரெஷ்னேவ், கொசிகின் எல்லாம் அந்த வரிசைதான். ஸ்டாலின் ஆட்சி வெறும் பயத்தால் நின்றதில்லை, அதனால் வாழ்வு பெற்றவர்களும் அதைத் தாங்கிப் பிடித்தார்கள் என்கிறார் ஷீலா. என் அப்பா தறி நெய்தவர். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். என்னைப் போன்றவர்களைப் பற்றிய புத்தகத்தைத்தான் நான் பொய் என்று எழுதியிருந்தேன்.

இப்படி எழுதியதற்காக அமெரிக்காவில் அவர் வாங்கிய அடி கொஞ்சமில்லை. 1986இல் ‘ரஷ்யன் ரிவ்யூ’ இதழில் பெரிய விவாதமே நடந்தது. கீழிருந்து சமூகத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லி அரசையும் அதன் கொடுமையையும் பார்வையிலிருந்து நழுவ விடுகிறார் என்றார்கள் விமர்சகர்கள். பைப்ஸ் இருந்த முகாமில் அவர் ஸ்டாலினுக்கு வெள்ளையடிப்பவர். நானோ அவரைப் பைப்ஸின் பங்காளி ஆக்கியிருந்தேன்.

அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். அவருடைய அப்பா பிரையன் ஃபிட்ஸ்பாட்ரிக் ஆஸ்திரேலியாவில் பேர்பெற்ற இடதுசாரி, குடிமை உரிமைகளுக்காகப் போராடியவர். மகள் ஆக்ஸ்போர்டில் சேர்ந்து, 1966இல் பரிமாற்ற மாணவியாக மாஸ்கோ போனார். ஆய்வுப் பொருள் லெனின் அரசின் கல்வி அமைச்சர் லுனாசார்ஸ்கி. அந்தக் காலத்தில் அங்கே ஆவணக் காப்பகத்தில் வெளிநாட்டவருக்குக் கோப்புகளின் அட்டவணையைக் காட்ட மாட்டார்கள். என்ன கோப்பு உள்ளே இருக்கும் என்று நீங்களே ஊகித்து, பொருத்தமாகக் கேட்டால் வரும். இல்லாவிட்டால் கையை விரிப்பார்கள். ஆண்டுக்கணக்கில் அப்படி ஊகித்து ஊகித்தே 1970இல் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்தார். இடையில் 1968இல் ‘சோவெத்ஸ்கயா ரஸ்ஸியா’ நாளிதழ், ஃபிட்ஸ்பாட்ரிக் என்று ஒருவர் கிட்டத்தட்ட உளவாளி வேலை பார்க்கிறார் என்று தாக்கியது. எழுதியவர் அவரை ஆண் என்று நினைத்துவிட்டார். பாஸ்போர்ட்டில் இருந்ததோ கணவர் வீட்டுப் பெயர். அதனால் மாஸ்கோவிலேயே உட்கார்ந்திருந்த இந்தப் பெண்ணோடு யாரும் முடிச்சுப் போடவில்லை. இதை அவருடைய நினைவுக் குறிப்பில் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. அந்த நாளிதழ்க்காரருக்காவது திட்டுவதற்கு ஃபிட்ஸ்பாட்ரிக்கின் கட்டுரை ஒன்று கையில் இருந்தது.

இதுவரை சொன்னது அவசரக் குடுக்கைத்தனம். இனிமேல் சொல்லப்போவதுதான் குற்றம். அந்தக் கட்டுரை என் தொகுப்பு ஒன்றில் மறுபடி அச்சேறியது. அதற்குள் எனக்கு எல்லாம் தெரியும். பதிப்பாளர் மெய்ப்புப் பிரதியைக் கொடுத்து, ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டார். சந்திப் பிழைகளைத் திருத்தினேன். ‘ஆங்கிலேயக் கனவான்’ என்பதை அடித்து ‘ஆஸ்திரேலிய அம்மையார்’ என்று போட்டேன். மற்ற வரிகளைத் தொடவில்லை. ஆளை நன்றாகத் தெரிந்தவன் வைக்கும் குற்றச்சாட்டுப் போல அது இன்னும் எடுப்பாகிவிட்டது.

ஏன் அப்படி விட்டேன்? தோழர்கள் மெச்சிய கட்டுரை என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, அவரை ஒப்புக்கொண்டால் முழுசாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1999இல் வந்த ‘எவ்ரிடே ஸ்டாலினிசம்’ முப்பதுகளின் நகர வாழ்க்கையைச் சொல்கிறது. ரொட்டிக்கு வரிசை. ஓர் அறைக்கு ஒரு குடும்பம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே சமையல்கட்டு. பக்கத்து அறையைப் பிடிப்பதற்காகவே அங்கே இருப்பவன்மேல் புகார்க் கடிதம் போட்டு உள்ளே தள்ளுகிற ஆட்கள். தறிக்காரர் மகன் இன்ஜினியர் ஆன கதையை மேடையில் சொல்ல எனக்கு ஆசை. அந்த இன்ஜினியர் உட்கார்ந்த நாற்காலி எப்படிக் காலியானது என்று சொல்லத் துணிச்சல் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஆளைப் பொய்யர் என்றே விட்டுவைப்பது வசதியாக இருந்தது.

வகுப்பிலும் அதே நோட்ஸைத்தான் கடைசிவரை சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் படித்த ஒரு தம்பி இப்போது வேறொரு கல்லூரியில் அதே பாடம் எடுக்கிறார். அண்மையில் போன் போட்டு, ஃபிட்ஸ்பாட்ரிக் பற்றி நான் சொன்னது தப்பு, அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள் என்றேன்.

“போன செமஸ்டர் கொஸ்டின் பேப்பர்லயே அது வந்துடுச்சே சார்” என்றார்.

“பேப்பர் செட் பண்ணது யாருப்பா?”

“நான்தான் சார்.”