ஜோலார்பேட்டைத் தண்ணீர்

2019 ஜூலையில் ஜோலார்பேட்டைக்கு ரயிலேறினேன். எங்கள் வீட்டுக் குடத்துக்கு இனி அங்கிருந்துதான் தண்ணீர் வரும் என்றார்கள். அது புறப்படும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

சென்னை அயனாவரத்தில் எங்கள் வீட்டுப் போர்வெல் ஜூனிலேயே காற்றைத்தான் இறைத்தது. நள்ளிரவில் தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டால் கிழவிகள்கூடக் குடத்தோடு ஓடுவார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கிலும் சேர்த்து, கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. 2015 டிசம்பரில் இதே செம்பரம்பாக்கம் நிரம்பித் திறந்துவிடப்பட்டபோது அடையாற்றங்கரை வீடுகள் மூழ்கின. நடுவில் நான்கு வருடம்கூட முழுதாகக் கழியவில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி வழி நெடுகப் பாலாறு மணலாகக் கிடந்தது. எதிர் சீட்டுப் பெரியவர், சின்ன வயதில் அதில் நீந்தியதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீர், ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் மேட்டுச்சக்கரகுப்பத்துத் தொட்டியில் சேர்கிறது. வேலூர் மாவட்டத்து ஊர்களுக்கென்று போட்ட திட்டம் அது. அங்கிருந்து தண்டவாளம் வரை மூன்றரை கிலோமீட்டருக்குப் புதுக் குழாய் பதித்து, ஜூலை 12-ஆம் தேதி முதல் ரயிலை அனுப்பினார்கள். 50 வேகன், 25 லட்சம் லிட்டர், வில்லிவாக்கம் வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. சென்னைக்கு எழுபது லட்சம் பேர் என்று வைத்து வகுத்துப் பார்த்தேன். ஒரு ரயிலுக்கு ஆளுக்கு ஒன்றரைத் தம்ளர்.

ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “எங்க தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருவாட்டிதாங்க விடறாங்க. நீங்க ரயில் வெச்சு எடுத்துட்டுப் போறீங்க. கொண்டுபோங்க, நீங்களும் புள்ளகுட்டிக்காரங்கதானே” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பும் வழியெல்லாம் அந்தக் குரல்தான். 2018-இல் வடகிழக்குப் பருவமழை சென்னையை ஏமாற்றியது உண்மை. ஆனால் பூமி சூடாக ஆக மழையின் போக்கும் மாறுகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தை ஏந்துமாம். பெய்தால் கொட்டித் தீர்க்கும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் காயும். அப்படிக் கொட்டுகிற தண்ணீரைத் தாங்கத்தான் ஏரிகள் இருந்தன. நீள ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினோம். நுங்கம்பாக்கம் ஏரி போய், டேங்க் பண்ட் ரோடு என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பில் பத்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது. மழை பொய்த்தது ஒரு வருடம். ஏரிகளை நாம் அழித்தது நூறு வருடம். அந்த அம்மாவின் குடத்திலிருந்து எடுக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

அக்டோபரில் மழை பிடித்ததும் தண்ணீர் ரயிலை நிறுத்திவிட்டார்கள். தண்ணீரைப் பற்றிய பேச்சும் அதோடு நின்றுபோனது.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது 2003-இல். அப்போது போட்ட எங்கள் வீட்டுத் தொட்டியை ஊர் திரும்பிய வாரம் திறந்து பார்த்தேன். வாய் வரை மண். மூன்று நாள் வாரினோம். ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் மொட்டைமாடிக் குழாய் எங்கே போய் முடிகிறதென்று ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.