விழுங்கிவிட்ட பெட்டி

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்கு ஓதப்பட்ட மந்திரம்: 'உள்ளே வருவது டெபிட், வெளியே போவது கிரெடிட்.' கார் ஸ்டீரியோவுக்கு இதில் பாதிதான் தெரியும். சிடியை வாங்கிக்கொள்ளும். திருப்பித் தராது!

மயிலாப்பூரில் இருக்கும் என் அத்திம்பேரின் காரும் அந்த ஜாதி. பழைய வண்டி. பாட்டு, மேப் இரண்டுக்கும் ஒரே பெட்டி, ஒரே வாய். மேப் டிஸ்க் உள்ளே போகணும் என்றால் பாட்டு டிஸ்க் வெளியே வரணும். வரவில்லை. எஜெக்ட் பட்டனை அழுத்தினால் 'கிர்ர்... கிர்ர்...' என்று ஒரு முனகல். அப்புறம் மௌனம்.

மேப் போனால் போகட்டும். மாட வீதியில் வழி தெரியாமல் அத்திம்பேர் தவிக்கப் போவதில்லை. ஆனால் உள்ளே மாட்டிய சிடியில் இருந்தது, அவருடைய அம்மா ஒரு நவராத்திரி கொலுவில் பாடியது. வேறு காப்பி கிடையாது. அம்மாவும் இப்போது இல்லை.

சர்வீஸ் சென்டரில், "யூனிட்டையே மாத்திடலாம் சார். நாற்பதாயிரம் ஆகும்" என்றார்கள்.

"உள்ள இருக்கிற சிடி?"

"அது பழைய யூனிட்டோட போயிடும் சார்."

வீட்டுக்கு வந்ததும் அத்திம்பேர் காய் நறுக்கும் கத்தியோடு கிளம்பினார். பிடுங்கி வைத்தேன்.

சிடி 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் கனம். 1982-ல் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து இதே அளவுதான். கம்ப்யூட்டரில் என்றால் தட்டு மாதிரி வெளியே வரும். மக்கர் பண்ணினால் ஜெம் கிளிப்பை நிமிர்த்திக் குத்த ஒரு குட்டி ஓட்டை இருக்கும். கார் பெட்டியில் தட்டும் இல்லை, அநேகமாக ஓட்டையும் இல்லை. ஒரு ரப்பர் உருளை சிடியைக் கவ்வி இழுக்கும், அதுவே வெளியே தள்ளும். ரப்பருக்கு வயசாகி வழுக்கினால் போச்சு. சிடி மேல் பேப்பர் லேபிள் இருந்தால் இன்னும் மோசம். மே மாத வெயிலில் தி.நகரில் காரை மூடிவிட்டுப் புடவை எடுக்கப் போய் வாருங்கள். லேபிள் கோந்து இளகி, ஓரம் கிளம்பியிருக்கும்.

இந்த மாதிரி சமயத்தில் வண்டி நன்றாக ஆறட்டும். எஜெக்ட் பட்டனைப் பத்து விநாடி விடாமல் அழுத்துங்கள். சில மாடல்கள் அதற்கே மசியும். அடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிச் சில நிமிஷம் கழித்து மாட்டலாம். அதற்கு முன் ரேடியோ கோட் கைவசம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சில பெட்டிகள் மொத்தமாகவே வாயை மூடிக்கொள்ளும். இன்னொரு சிடியைத் திணித்து நெம்புவது, கத்தி, ஸ்கேல்... மூச்!

எங்களுக்கு எதுவும் பலிக்கவில்லை. அண்ணா சாலை பக்கத்தில் ஜி.பி. ரோடு போனோம். கார் சாமான் கடைகளுக்குப் பேர் போன இடம். ஒரு பையன் டாஷ்போர்டு சட்டத்தை எடுத்து, பெட்டியை உருவி, மேல் மூடியைக் கழற்றி, ஒரு பல்சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றினான்.

"மாட்டிக்கல சார், ஒட்டிக்கிச்சு" என்றான். சுருண்ட லேபிளோடு சிடி வெளியே வந்தது. அறுநூறு ரூபாய். அத்திம்பேர் பேரம் பேசாமல் பணம் கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது வரும் புதுக் கார்களில் அநேகமாக அந்த வாயே கிடையாது. ஆனால் உங்கள் வீட்டு பீரோவிலும் காதுகுத்து, கல்யாணம், தாத்தா குரல் என்று ஒற்றைக் காப்பி சிடி ஏதாவது தூங்கிக்கொண்டிருக்கும். எடுத்து பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேர வேலை.