நண்டலாறு வரைக்கும் ஒரு ஹெல்மெட்

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து பைக்கில் வடக்கே கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் நண்டலாறு வந்துவிடும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால். அந்தப் பக்கம் தமிழ்நாடு. தரங்கம்பாடிக்குப் போகிறவர்களில் பலர் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டுவார்கள். அதுவரை பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வந்த ஹெல்மெட் தலைக்கு ஏறும். திரும்பி வரும்போது மறுபடியும் டேங்குக்கே இறங்கிவிடும்!

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று ஆனது. அங்கே போலீஸ் பிடிக்கும் என்ற பயம். ஆனால் சட்டம் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஒன்றேதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129வது பிரிவு புதுச்சேரிக்கும் பொருந்தும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1000 ரூபாய். நான்கு வயதைத் தாண்டிய குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும்.

புதுச்சேரியில் இது அரசியலாகவே ஆனது. 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தானே சாலையில் இறங்கி, ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்தினார். முதலில் விழிப்புணர்வு, பிறகுதான் கட்டாயம் என்றார் முதல்வர் நாராயணசாமி. 13ஆம் தேதி அவர் ஆளுநர் மாளிகை முன்பு தர்ணாவில் உட்கார்ந்தார். அதற்கான காரணங்களில் ஹெல்மெட்டும் ஒன்று.

இந்தச் சண்டையில் தலையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஹெல்மெட்டுக்குள் தெர்மோகோல் போன்ற ஒரு அடுக்கு இருக்கிறது. அடி விழும்போது அது நசுங்கி, மூளைக்குப் போகிற அதிர்ச்சியைக் குறைக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, ஹெல்மெட்டால் சாவு சுமார் 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைவதாகச் சொல்கிறது. ஆனால் கழுத்துப் பட்டையைப் பூட்டாவிட்டால், ஆள் கீழே விழும் முன்பே ஹெல்மெட் கழன்று ஓடிவிடும். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். நசுங்கிய அடுக்கு மறுபடி எழும்பாது.

"பக்கத்துலதானே, டீக்கடை வரைக்கும்தானே" என்பதுதான் ஊரில் வழக்கமான பதில். டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்தால் நெல் காய்வது பாதி ரோட்டில்தான். நெல் மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். இருட்டிய பிறகு அந்தக் குவியலைச் சுற்றி வைத்த கல் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. கல்லைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்தத் தூரம் போய்விடும். குடித்தவருக்கு இன்னும் அதிகம். காரைக்காலில் சரக்கு விலை குறைவு என்று எல்லை தாண்டி வந்து, குடித்துவிட்டு வண்டியிலேயே திரும்புகிறவர்களும் இதே ரோட்டில்தான் வருகிறார்கள்.

நண்டலாற்றுப் பாலத்தில் போலீஸ் மாறலாம், தார் ரோடு மாறாது. வண்டிச் சாவியை எடுக்கும்போதே ஹெல்மெட்டையும் எடுத்து, பட்டையைப் பூட்டிக்கொண்டு கிளம்புங்கள். டீக்கடைக்குத்தான் என்றாலும்!