பதின்மூன்றாம் முனை

இரவு இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தாலும் டார்ச் விளக்கோடு கிணற்றுமேட்டுக்கு நடப்பவர் அப்பா. வயது எழுபத்தாறு. கரண்டு வந்ததும் மோட்டாரைத் தானாக ஓடவிடும் கருவியை சூலூருக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்தில் அவர் பொருத்த விடுவதில்லை. நீர் வற்றிய பின்னும் ஓடி, காயில் கருகிய மோட்டார்கள் இரண்டை அவர் கண்டவர். சென்ற மழைக்காலத்தில் வரப்பில் வழுக்கி விழுந்தார். அதன் பிறகே, கதை கவிதைகளுக்கு அப்பால் ஏதும் அறியாத நான், காந்திபுரத்தில் ஓர் ஆர்டுயினோ பலகை வாங்கினேன்.

வட இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களை மனத்தில் வைத்து 2005-இல் உருவானது அது. ஒலிவெட்டி தட்டச்சுப்பொறி பிறந்த ஊரும் அதுவே என்று அறிந்தபோது, எழுதுகிறவனுக்கும் இதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று தேற்றிக்கொண்டேன். என்னுடையது 'ஊனோ' வகை. அதன் தற்காலிக நினைவகம் 2 கிலோபைட். தமிழ்ச் சிறுகதையொன்றின் முதல் பத்தியிலேயே நிரம்பிவிடும்.

முதல் பாடம், 13-ஆம் முனையோடு இணைந்த சிறு விளக்கைச் சிமிட்டவைப்பது. ஒருமுறை மட்டும் நடக்கவேண்டியதை 'செட்டப்' பகுதியிலும், ஓயாமல் நடக்கவேண்டியதை 'லூப்' பகுதியிலும் எழுதவேண்டும். எழுதினேன். பலகை இருப்பதையே கணினி ஏற்கவில்லை. நான் செருகியிருந்தது மின்சாரத்தை மட்டும் கடத்தும் கேபிள் என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போயிற்று. வாங்கியது நகல் பலகை (வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்திருப்பதால் அதில் குற்றமில்லை), அதிலுள்ள சி.எச். 340 என்ற சில்லுக்குத் தனி மென்பொருள் நிறுவவேண்டும் என்பது தெரிய இன்னொரு நாள். பிறகு விளக்கு சிமிட்டியது. நான் ஏறக்குறையக் கூவிவிட்டேன்.

அப்பா வந்து பார்த்தார்.

"இத்தனூண்டு வெளக்குக்கு ரண்டு நாளா சாமி?"

மோட்டாரை இதைக்கொண்டே போடலாம் என்றேன். சற்று நேரம் பேசாமல் நின்றார்.

"போடறது யாரு வேணா போடலாம். தண்ணி கொறஞ்சா மோட்டார் சத்தம் மாறும். சாளைல படுத்திருந்தாலும் எனக்குத் தெரியும். இதுக்குக் காது இருக்குதா?"

நிறுத்துவதைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. தேடிப் படித்தேன். நீர் இல்லாதபோது பம்பின் சுமை குறைகிறது. மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் குறைகிறது. கம்பியை வெட்டாமல், வளையம்போல் மாட்டி அதை அளக்கும் உணரி உண்டு. ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறேன். மாட்டுவதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவேன். 400 வோல்ட்டில் என் பயிற்சி வேண்டாம்.

நேற்றிரவு அப்பாவுடன் நானும் போனேன். மோட்டார் ரூம் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு, ஓடும் சத்தத்தையே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்பக் கேட்டுதா?" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் அவர் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தார்.