எந்த வருஷம், எந்தச் சுற்று?

ஃபேன்டஸி ஃபுட்பால் ஆண்கள் தங்களுக்காக உண்டாக்கிக்கொண்ட விளையாட்டு. 1962இல், ஓக்லாந்து ரைடர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், நண்பர்கள் சிலரோடு நியூயார்க் ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்து இதன் விதிகளை வகுத்தார். அடுத்த ஆண்டு அவர் வீட்டில் முதல் டிராஃப்ட் நடந்தது. இன்று அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் ஆடுகிறார்கள். பெண்களும் இருக்கிறோம். ஒகையோவில் நான் வேலை செய்யும் அலுவலகத்தின் லீகில் பன்னிரண்டு பேர், அதில் நான் ஒருத்திதான் பெண்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பனை அணி. சீசனுக்கு முன் டிராஃப்ட் நடக்கும். அமெரிக்கக் கால்பந்தின் நிஜ வீரர்களை முறைவைத்து, சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொள்வோம். அவர்கள் மைதானத்தில் ஓடும் தூரமும் போடும் டச்டவுனும் நம் கணக்கில் புள்ளிகளாக ஏறும். சாதாரண லீகில் சீசன் முடிந்ததும் எல்லா அணிகளும் கலைந்துவிடும். கீப்பர் லீகில் சில வீரர்களை அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். லீக் தொடர்வதால், வராத ஆண்டும் இப்போதே விலைபோகும். “என்னுடைய அடுத்த வருஷ முதல் சுற்றை எடுத்துக்கொள், உன் ரன்னிங் பேக்கை இன்றைக்குக் கொடு” என்று பேரம் பேசலாம்.

நான் முதன்முறை அப்படி ஒரு பேரம் பேசியபோது ஆறு மாதக் கர்ப்பிணி. லீகை நடத்தும் கமிஷனர் தயங்கினார். “அடுத்த வருஷம் நீங்கள் இருப்பீர்களா?” எனக்கு முன்னால் நான்கு ஆண்கள் வருங்காலச் சுற்றுகளை விற்றிருந்தார்கள். அதில் ஒருவர் இரண்டு ஆண்டுச் சுற்றுகளை விற்றுத் தின்றுவிட்டு, வேறு ஊரில் வேலை கிடைத்ததும் வெறுங்கூடாக அணியை விட்டுப் போனவர். அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பல லீகுகளில் ஒரு விதி உண்டு: அடுத்த ஆண்டுச் சுற்றை விற்பவர் அடுத்த ஆண்டுக் கட்டணத்தையும் இப்போதே கட்டிவிட வேண்டும். அந்த விதியை எல்லோருக்கும் வையுங்கள், நானும் கட்டுகிறேன் என்றேன். வைத்தார்கள். 50 டாலர் கட்டினேன்.

அதற்குப் பிறகு நான் பெரும்பாலும் வாங்கும் பக்கம்தான். காரணம் கணக்கு. அடுத்த ஆண்டின் முதல் சுற்றுக்கு இந்த ஆண்டின் இரண்டாம் சுற்று விலைதான் கிடைக்கும். ஓராண்டு காத்திருந்தால் ஒரு சுற்று லாபம். என்எஃப்எல்லின் நிஜ அணிகளும் இப்படித்தான் விற்கின்றன. அந்தப் பேரங்களை ஆராய்ந்த கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் அதில் ஒளிந்திருக்கும் வட்டியைக் கணக்கிட்டார்கள்: ஆண்டுக்கு 136 சதவீதம். மாதம் பத்து வட்டிக்கு விடும் கந்துவட்டிக்காரரே 120இல் நின்றுவிடுவார். பொறுமை பெண்ணுக்கு அழகு என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பொறுமைக்கு வட்டி கிடைத்தது இந்த லீகில்தான்.

1999இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஓட்டக்காரருக்காக அந்த ஆண்டின் எல்லாச் சுற்றுகளையும், மறு ஆண்டின் முதல் சுற்றையும் மூன்றாம் சுற்றையும் வாஷிங்டன் அணிக்குக் கொடுத்தார். ஈஎஸ்பிஎன் பத்திரிகையின் அட்டையில் டிட்கா மாப்பிள்ளைக் கோட்டிலும் வில்லியம்ஸ் வெள்ளை மணப்பெண் உடையிலும் நின்றார்கள். அந்த சீசனில் அணிக்கு 3 வெற்றி, 13 தோல்வி. டிட்கா வேலையை இழந்தார். எதிர்காலம் முழுவதையும் கொடுத்து ஒன்றைப் பெறுவது என்றதும் அவர்களுக்குக் கல்யாணம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. ஆனால் படத்தில் கொடுத்தவர் மாப்பிள்ளை. நான் பார்த்த கல்யாணங்களில் சுற்றுகளைக் கொடுத்தவள் மணப்பெண்.

என் அம்மாவுக்கு பி.எட். படிக்க இடம் கிடைத்தபோது, தம்பி படிப்பு முதலில் முடியட்டும் என்றார்கள். மாமாவின் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மா கழற்றிக் கொடுத்த சங்கிலிக்கு அடகுச் சீட்டு இருந்தது. அதில் எடை, தொகை, தேதி எல்லாம் இருந்தன. சங்கிலி திரும்பி வந்தது. விட்டுக்கொடுத்த படிப்புக்குச் சீட்டு இல்லை, அதனால் மீட்கக் கேட்டுப் போகவும் இடமில்லை.

லீகில் எங்கள் கமிஷனரின் பட்டியலில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி உண்டு: எந்த ஆண்டு, எந்தச் சுற்று, யாரிடமிருந்து யாருக்கு. அந்த வரி இல்லையென்றால் விற்பனை செல்லாது. வீடுகளில் பெண்கள் விற்கும் வருங்காலங்களுக்கு “அப்புறம் பார்த்துக்கலாம்” என்ற ஒரே வரிதான். அதில் ஆண்டும் இல்லை, சுற்றும் இல்லை. விட்டுக்கொடுப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒருவர் முறையை இன்னொருவருக்குக் கொடுக்கத்தான் செய்வார்கள். கொடுத்தது எழுத்தில் இருக்க வேண்டும்.

குழந்தைக்கு இரண்டு வயதானபோது என் கணவருக்கு வேலையோடு படிக்கும் வாய்ப்பு வந்தது. நானும் முதுகலைக்கு விண்ணப்பிக்க இருந்தேன்.

“இது முடியட்டும், அடுத்து நீ படி” என்றார்.

“எந்த வருஷம்? எந்த செமஸ்டர்? ஃபீஸ் எங்கேருந்து வரும்?”

“வீட்டுக்குள்ள எதுக்குப்பா இந்தக் கணக்கெல்லாம்?”

“வெறும் விளையாட்டுக்கே வச்சிருக்கோமே.”

மூன்று நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் இரவு, குழந்தை தூங்கியபின் உட்கார்ந்து எழுதினோம். தொடங்கும் செமஸ்டர், வாரத்தில் எந்த மாலைகளில் குழந்தை அவர் பொறுப்பு, நடுவில் வேலை மாறினால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் வந்தது. கடைசியாக நான் ஒரு வரி சேர்த்தேன். அதன்படி என் முதல் செமஸ்டர் கட்டணம் இப்போதே என் பெயரில் தனிக் கணக்கில் இருக்கிறது. படிப்பு தொடங்க இன்னும் ஓராண்டு இருக்கிறது.