கணக்கில் ஏறாத காவல்

எண்ணக்கூடியவற்றை எண்ணிப் பார்த்து மதிப்பிடுவது மனித இயல்பு. களத்துமேட்டில் மூட்டைக் கணக்கு, பள்ளியில் மதிப்பெண், ஆடுகளத்தில் புள்ளி. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும், வேலி எத்தனை மூட்டை விளைத்தது என்று எந்த உழவரும் கேட்பதில்லை. வேலியில்லாக் கொல்லையில் எத்தனை மூட்டை மிஞ்சும் என்பதை அவர் நன்கறிவார். விளைவிப்பவனை அளக்கும் கோலால் காப்பவனை அளக்க முடியுமா? இக்கேள்வியை அண்மையில் என் முன் கொணர்ந்து நிறுத்தியவர்கள், எங்கள் பங்கின் கபடி இளைஞர்கள்.

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் பொங்கல் என்றால் கபடிதான். முன்பு சடுகுடு என்று மண்தரையில் ஆடியதை இன்று விளக்கொளியில், விரிப்பின்மேல் ஆடுகின்றனர். 2014-ஆம் ஆண்டில் புரோ கபடிப் போட்டிகள் தொடங்கின. 2017-இல் தமிழ் தலைவாஸ் அணியும் களமிறங்கியது. அவற்றைத் தொடர்ந்து கைப்பேசி ஆட்டமும் ஊருக்குள் வந்தது. நடைபெறவிருக்கும் போட்டியின் இரு அணிகளிலிருந்தும் 7 பேரை நாமே தேர்ந்து ஒரு கற்பனை அணி அமைக்க வேண்டும். உண்மைக் களத்தில் அவர்கள் எடுக்கும் புள்ளிகள் நம் கணக்கில் ஏறும். பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றியது. பல இல்லங்களில் தாய்மார்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். பணம் போனாலும், அந்த ஆட்டம் கற்றுக்கொடுத்த கணக்கு மட்டும் பிள்ளைகளின் மனத்தை விட்டுப் போகவில்லை.

அக்கணக்கைத் தம் சொந்த அணிக்கே அவர்கள் பொருத்தினார்கள். திண்டிவனம் பக்கம் நடைபெறவிருந்த போட்டிக்கு எழுவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம், மாலை வேளையில் நம் ஆலயத் தாழ்வாரத்தில் கூடியது. ஒரு நோட்டுப் புத்தகம். அதில் கடந்த ஐந்து ஆட்டங்களின் புள்ளி விவரம். வலது கார்னரில் நிற்பவன் பிடித்தவை 13. இடது கார்னரில் நிற்பவன் பிடித்தவை 4. எனவே இடது கார்னரை மாற்றிவிடலாம் என்பது பெரும்பான்மையோர் கருத்து.

“சாமி, நோட்டைப் பாருங்க. நாங்க யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணல” என்றான் அணித் தலைவன்.

உண்மைதான், அவர்களிடம் வஞ்சனை இல்லை. ஆனால் அந்த இடது கார்னர் இளைஞன் பகலெல்லாம் நெல் மண்டியில் மூட்டை தூக்கி, மாலையில் பயிற்சிக்கு வருபவன். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரருக்கென 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஊர் அணியில் நின்றால்தான் மாவட்டத் தேர்வாளர் கண்ணில் படலாம். மாவட்டம் தாண்டினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் வேலைக்கு வழி. நோட்டில் ஒரு கோடு இழுத்தால் அந்த முதற்படியே இல்லாமற் போகும்.

கார்னர் என்பவரின் பணி யாது? ஆடவர் களத்தில் ஓர் அணிக்குரிய பகுதி, நடுக்கோட்டிலிருந்து ஆறரை மீட்டர் ஆழம் உடையது. அதன் இரு ஓரங்களிலும் நிற்பவர்களே கார்னர்கள். நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர் தொலைவில் போனஸ் கோடு. பாடி வருபவர் ஒரு காலை அக்கோட்டைக் கடந்து ஊன்றி, மறுகாலை உயர்த்தும் கண நேரத்தில், கணுக்காலைப் பற்றி இழுப்பது கார்னரின் கலை. ஓர் இமைப்பொழுது முந்தினால் தொடப்பட்டு வெளியேறுவார்; பிந்தினால் போனஸ் போய்விடும். பாடி வருபவருக்குள்ள நேரமோ 30 வினாடிகள். அவ்வளவு நேரமும் பொறுத்து நிற்பதற்குத் தனித் துணிவு வேண்டும்.

கூட்டத்தின் ஓரத்தில் பழைய ஆட்டக்காரர் ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மெல்லச் சொன்னார்: “சாமி, அவன் பக்கம் எவன் பாடிப் போறான்? போனால்தானே பிடிக்கிறதுக்கு!”

அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. அடுத்த ஞாயிறு மாலை நடந்த பயிற்சிப் போட்டியில், பென்சிலும் தாளுமாகத் திடலோரம் அமர்ந்தேன். யார் பிடித்தார் என்பதை விட்டு, எதிரணியினர் எந்தப் பக்கம் ஆழமாக நுழைந்தனர் என்பதை மட்டும் குறித்தேன். வலப்புறம் 19 முறை. இடப்புறம் 6 முறை. அந்த ஆறிலும் நான்கு முறை, வந்தவர் போனஸ் கோட்டை எட்டாமலே திரும்பினார். வலது கார்னரின் பிடிகள் மிகுந்ததற்குக் காரணம் புலப்பட்டது: எதிரணியினர் எல்லாரும் அவன் பக்கமே சென்றனர். அவன் பிடித்ததை எழுதிய நோட்டில், அவன் பிடிக்க முயன்று தவறவிட்டவை எழுதப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. இரண்டு முறை அடுத்தடுத்து வெறுங்கையோடு திரும்பும் அணி, மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆகவேண்டும்; இல்லையேல் பாடி வந்தவர் வெளியேற வேண்டும். அந்த நெருக்கடியில் அவர் துணிந்து நடுவே பாய, வேறொருவர் மடக்கிப் பிடிப்பார். புள்ளி பிடித்தவர் பெயரில் ஏறும். முதல் இருமுறை அவரை வெறுங்கையோடு அனுப்பிய கார்னரின் பெயரில் ஒன்றும் ஏறாது!

இது நம் ஊர்க் கபடிக்கு மட்டும் உரிய விந்தையன்று. அமெரிக்கக் கால்பந்திலும் ஓரத்தைக் காக்கும் ஆட்டக்காரர் உண்டு, கார்னர்பேக் என்பர். எதிரணியார் எறியும் பந்தை இடைமறிப்பது அவர் பணி. ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணியின் நம்டி அசமுவா 2006-ஆம் ஆண்டுப் பருவத்தில் 8 பந்துகளை இடைமறித்தார். மறு ஆண்டோ ஒன்றே ஒன்று. திறமை குன்றிவிட்டதா? இல்லை. அவர் நின்ற பக்கம் பந்தை எறியவே எதிரணிகள் அஞ்சின. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அது வீழ்ச்சி. ஆட்டம் அறிந்தவருக்கு அதுவே உயர்வு.

எண்ணிக்கையே பொய் என்று கூறவும் மாட்டேன். ஈரான் நாட்டு இடது கார்னர் பாசல் அத்ராசலி, புரோ கபடியில் 500 பிடிப்புள்ளிகளைக் கடந்தவர். ஆண்டுக்கணக்கில் திரண்ட அவ்வெண் உண்மை பேசுகிறது. ஐந்து ஆட்டங்களின் எண் அவ்வளவு பேசாது. நம் தமிழகத்தின் தர்மராஜ் சேரலாதன் 1975-இல் பிறந்தவர், வலது கார்னர். நாற்பது வயதைக் கடந்த பின்னர், 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமையேற்றுக் கோப்பையை வென்றார். அந்த வயதில் ஓர் அணி அவரை நம்பியது வேகத்திற்காக மட்டுமா? எப்போது பாயக்கூடாது என்று அறிந்த நிதானத்திற்காகவும் அன்றோ!

அடுத்த கூட்டத்தில் என் தாளை இளைஞர்கள் முன் வைத்தேன். முடிவை அவர்களிடமே விட்டேன். நெடுநேரம் வாதாடினர். இறுதியில் நோட்டில் மூன்று புதிய கட்டங்கள் வரைந்தனர்: முயன்று தவறியவை எத்தனை, விட்டுக்கொடுத்த போனஸ் எத்தனை, அவன் பக்கம் வந்தவர்கள் எத்தனை பேர். இடது கார்னர் இளைஞன் அணியில் நின்றான். திண்டிவனம் போட்டியில் நம் அணி அரையிறுதியில் தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் எடுத்த புள்ளிகள் அப்போதும் குறைவே. ஆனால் ஆட்டம் முடிந்ததும், வென்ற அணியின் பயிற்சியாளர் தேடி வந்து கேட்டது அவன் பெயரைத்தான். மாவட்டத் தேர்வுக்கு வரும்படி சொல்லிச் சென்றார். தேர்வு இனிமேல்தான், அவன் இன்னும் மூட்டை தூக்கிக்கொண்டே பயிற்சிக்கு வருகிறான்.

பெற்றோரே, நம் இல்லங்களிலும் நோட்டுகள் உண்டு. சம்பாதித்துக் கொடுக்கும் மகனின் பெயர் அதில் பெரிதாக இருக்கும். இரவில் பாட்டியின் இருமலுக்கு எழுந்திருப்பவள், தம்பியைத் தீய கூட்டத்தில் சேரவிடாமல் கூடவே நடப்பவன், கடன்காரன் வாசலுக்கு வராதபடி அரிசியை அளந்து பொங்குபவள் ஆகியோருக்கு எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? நடந்த நன்மைகளை எண்ணுவதோடு, நடவாமற் போன தீமைகளையும் மாதம் ஒருமுறையேனும் எண்ணிப் பாருங்கள். எண்ணியதை உரியவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.