முதலில் படகு, அப்புறம் விடுதி

அந்தமானுக்குக் கிளம்புகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகின்றன. முதலில் சென்னையிலிருந்து விமானம், அடுத்து ஹேவ்லாக்கில் கடலைப் பார்த்தபடி ஒரு விடுதி, பிறகு நீல் தீவில் இன்னொன்று. ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்கு எப்படிப் போவது என்பதை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அங்கே எல்லாமே படகைச் சுற்றித்தான் ஓடுகிறது. எந்த நாளில், எத்தனை மணிக்குப் படகில் இடம் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகுதான் விடுதிக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

பெயர்களை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. 2018 டிசம்பர் 30 முதல் ஹேவ்லாக்கின் பெயர் ஸ்வராஜ் த்வீப்; நீல் தீவின் பெயர் ஷஹீத் த்வீப்; ராஸ் தீவின் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப். 2024 செப்டம்பரில் தலைநகரமான போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. சீட்டில் புதுப்பெயர் இருக்கும், ஜெட்டியில் பழைய பெயரைத்தான் சொல்வார்கள்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போக இரண்டு வகைப் படகுகள் உண்டு. மக்ரூஸ், நாட்டிகா போன்ற தனியார் நிறுவனங்களின் குளிரூட்டிய கட்டமரான்கள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து விடும் படகுகள் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கட்டணம் அதைவிட மிகக் குறைவு. சுற்றுலாக்காரர்களில் பெரும்பாலோர் முதல் வகையையே பிடிக்கிறார்கள். ஒரு மணி நேரம் மிச்சமாகிறது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு வழியாவது அரசுப் படகில் போகாதவர்கள் அந்தமானின் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

காரணம் எளியது. கட்டமரானில் கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அரசுப் படகில் மேல்தளத்துக்கு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். துறைமுகத்தின் கலங்கிய பச்சை மெல்ல மெல்லக் கருநீலமாவதைப் பார்க்கலாம். படகு கிழித்துப் போகும் அலையிலிருந்து கோலா மீன்கள் எழும்பி, தண்ணீரை ஒட்டியே வெகுதூரம் பறந்து மறுபடி விழும். நாகப்பட்டினத்துக்காரர்களுக்குப் பழகிய காட்சி. மற்றவர்கள் மீன் பறக்கும் என்று நம்புவதற்கே கொஞ்ச நேரம் ஆகும்.

குமட்டலுக்கும் மேல்தளம் நல்லது. உடம்பு ஆடுவதைக் காது உணர்கிறது, மூடிய அறையில் கண்ணுக்கு எதுவும் ஆடுவதாகத் தெரிவதில்லை. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரளுகிறது. காற்று படும்படி நின்று தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி சரியாகிவிடும். உள்ளேதான் உட்கார வேண்டும் என்றால் படகின் நடுப்பகுதி, அதுவும் கீழ்த்தளம், ஆட்டம் குறைந்த இடம். மாத்திரை போடுகிறவர்கள் படகு கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

நீல் தீவின் ஜெட்டியில் சிறிது நேரம் நின்றால் அரசுப் படகு யாருக்காக ஓடுகிறது என்பது புரிந்துவிடும். அந்தத் தீவில் குடியேறியவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர் என்று ராமாயணத்தையே ஊர்ப் பெயர்களாக வைத்துக்கொண்டு, நெல்லும் காய்கறியும் பயிரிட்டு வாழ்கிறார்கள். தலைநகரத்துச் சந்தைக்குக் காய்கறி இங்கிருந்துதான் போகிறது. மூட்டைகளுக்குப் பக்கத்தில் பள்ளி விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளைகள், பெரியாஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்கள், கல்யாணத்துக்குப் போகும் குடும்பங்கள். இந்தப் படகு அவர்களுக்கு நம் ஊர் டவுன் பஸ் மாதிரி. தீவுவாசிகளுக்குக் கட்டணம் குறைவாக இருப்பதும் அதனால்தான். வெளியூர்க்காரருக்கு இடம் கிடைக்காமல் போனால் எரிச்சல் வரலாம், ஆனால் அந்த ஏற்பாடு நியாயமானது. சுற்றுலாக்காரருக்கு மாற்று வழி இருக்கிறது; காய்கறி மூட்டைக்கு இல்லை.

ஆகாய வழியும் உண்டு. தீவுகளுக்கு இடையே ஹெலிகாப்டர் பறக்கிறது. ஆனால் நோயாளிகளுக்கும் தீவுவாசிகளுக்கும் அரசு ஊழியர்களுக்கும்தான் அதில் முன்னுரிமை. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. தண்ணீரிலும் இறங்கக்கூடிய ஜல் ஹன்ஸ் என்ற சிறு விமானம் 2010 டிசம்பர் இறுதியில் பெரும் எதிர்பார்ப்போடு தொடங்கப்பட்டு, பிறகு நின்றுபோனது.

தீவு விட்டுத் தீவு போன பயணிகளில் ராஜனைப் போல் இன்னொருவர் இல்லை. மரம் இழுக்கும் வேலைக்காக நிலப்பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட யானை அது. படகு வசதி இல்லாத இடங்களுக்கு மரக் கம்பெனிகள் யானைகளைக் கடலில் நீந்திப் போகப் பழக்கியிருந்தன. மரம் வெட்டுவது நின்ற பின் ராஜன் ஹேவ்லாக்கிலேயே தங்கியது. துதிக்கையை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு, நான்கு காலாலும் தண்ணீரை மிதித்தபடி அது நீந்துவதைப் படமெடுக்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 2016-ல் இறந்தது. மனிதரின் தேவைக்காக ஒரு காட்டு விலங்கு கடலைக் கற்றுக்கொண்ட கதை அது. அந்தப் படங்களை மகிழ்ச்சியோடு மட்டும் பார்க்க முடிவதில்லை.

வடக்கே பாராடாங், ரங்கத், டிக்லிபூர் போக அந்தமான் டிரங்க் ரோடு இருக்கிறது. அதிலும் கடல் குறுக்கிடும். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பேருந்து, கார், ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். இரு பக்கமும் அலையாத்திக் காடு. ஆனால் அந்த இடத்துக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டை ஊடறுத்துப் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளைச் சேர்த்து, குறித்த நேரத்தில், காவலோடு வரிசையாக அனுப்புவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. 2002-லேயே உச்ச நீதிமன்றம் சாலையின் இந்தப் பகுதியை மூடச் சொன்னது. சாலை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ரங்கத்துக்கும் லாங் ஐலண்டுக்கும் போர்ட் பிளேரிலிருந்து அரசுப் படகும் போகிறது. நேரம் இருக்கிறவர்கள் அந்தப் படகில் போவதே சரி. அந்நியரின் நோயே உயிரெடுக்கக்கூடிய ஒரு சிறு மக்கள் கூட்டத்தின் வீட்டு வாசல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போக பாராடாங்கின் எந்தச் சுண்ணாம்புக் குகையும் போதுமான காரணம் இல்லை.

எந்த வழியில் போனாலும் கையில் ஒரு நாள் உபரியாக இருக்க வேண்டும். 2016 டிசம்பரில் வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு ஹேவ்லாக், நீல் படகுகளை நிறுத்திவிட்டது. ஏறத்தாழ 1,400 சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களை மீட்டு வந்தன. அதே தாழ்வுதான் வர்தா புயலாக வளர்ந்து 12-ஆம் தேதி சென்னையைத் தாக்கியது. சாதாரண நாளிலும் இருட்டு அங்கே சீக்கிரம் வரும். வெகு கிழக்கே இருந்தாலும் நம் கடிகாரத்தையே வைத்திருப்பதால் டிசம்பரில் ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். அதற்கேற்பப் படகுகளும் முன்னதாகவே முடிந்துவிடுகின்றன. ஹேவ்லாக்கிலிருந்து படகில் வந்து அன்றே சென்னை விமானத்தைப் பிடிக்கும் திட்டம் அதனால் ஆபத்தானது. முந்தைய நாளே போர்ட் பிளேர் வந்துவிட வேண்டும்.

அந்தக் கடைசி நாளில் செல்லுலார் சிறையைப் பார்க்கலாம். எதிரே கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ராஸ் தீவுக்குச் சிறு படகில் போய் வரலாம். சில நிமிடப் பயணம்தானே என்று யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. 2014 ஜனவரி 26 அன்று அந்தப் பக்கத்தில்தான் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். அனுமதிக்கப்பட்டதைவிட மிக அதிகமானோரை அந்தப் படகில் ஏற்றியிருந்தார்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று படகுக்காரரிடம் கேட்கவும், ஏறியிருக்கும் தலைகளை எண்ணிப் பார்க்கவும் பயணிக்கு முழு உரிமை உண்டு. குழந்தைக்கு அளவான உயிர்காப்பு அங்கி இல்லையென்றால், எண்ணிக்கை மிஞ்சியிருந்தால், பணம் கட்டியாகிவிட்டதே என்று பார்க்காமல் கரையிலேயே நின்றுவிட வேண்டும். ராஸுக்கு அடுத்த படகு வரும்.